நவூரு: குடைந்தெடுக்கப்பட்ட தீவுக்கு யார் பொறுப்பு?

நெய்தல்:
வணக்கம். பசிபிக்கில் உள்ள நவூருவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே கதையைத்தான் கேட்கிறேன். உரமாகப் பயன்படும் பாஸ்பேட் என்ற கனிமத்தால் திடீர்ப் பணம் வந்ததாம், தீவு மக்கள் அதை ஊதாரித்தனமாகச் செலவழித்தார்களாம், இன்று பிறர் கையை எதிர்பார்த்து நிற்கிறார்களாம். இது கதையின் பிற்பாதி மட்டுமே.

முற்பாதி சிட்னியில் இருந்த ஒரு வணிக நிறுவனத்தின் அலுவலகத்தில் தொடங்குகிறது. அங்கே கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்த கல் ஒன்று நவூருவிலிருந்து வந்தது. அந்நிறுவனத்தின் ஊழியர் ஆல்பர்ட் எல்லிஸ் 1899இல் அதைச் சோதித்துப் பார்த்து, உயர்தரப் பாஸ்பேட் என்று கண்டார். தீவு அப்போது ஜெர்மனியின் கையில் இருந்தது. 1907 வாக்கில் கப்பல்கள் பாஸ்பேட்டை ஏற்றிச் செல்லத் தொடங்கிவிட்டன. நிலத்தின் சொந்தக்காரருக்குத் தொடக்கத்தில் கிடைத்தது ஒரு டன்னுக்கு அரைப் பென்னி. முதல் உலகப் போரில் ஜெர்மனி தீவை இழந்தபின் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று அரசுகளும் சேர்ந்து ஓர் ஆணையத்தை அமைத்து, உலகச் சந்தை விலைக்கும் குறைவாகத் தங்கள் உழவர்களுக்கு இந்த உரத்தைக் கொடுத்துவந்தன. அந்நாட்டுப் புல்வெளிகள் செழித்ததற்கு ஒரு சின்னஞ்சிறு தீவின் மண் விலையாயிற்று என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

கணக்கன்:
நண்பர் நெய்தல் அவர்களுக்கு, தாங்கள் சொன்ன வரலாற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் 1968 ஜனவரி 31 அன்று விடுதலை கிடைத்தது. 1970இல் சுரங்கம் முழுவதும் நவூரு அரசின் நிறுவனத்துக்கு வந்தது. விடுதலைக்கு முன் தோண்டப்பட்டது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிலம்தான். மீதியைத் தோண்டியவர்கள் யார்?

1970களில் தலைக்கு வருமானம் என்ற கணக்கில் உலகின் மிகச் செல்வமான நாடுகளின் வரிசையில் நவூரு இருந்தது. வருமான வரி கிடையாது, மருத்துவம் இலவசம். பாஸ்பேட் தீர்ந்த பின்பும் மக்கள் வாழ வேண்டும் என்பதற்காக ராயல்டி (சுரங்க உரிமைத்தொகை) அறக்கட்டளை நிதி ஒன்றும் இருந்தது. அந்த நிதி மெல்பர்னில் 52 மாடிக் கட்டடமாயிற்று. அது 2004இல் கைவிட்டுப் போயிற்று. இருக்கைகள் காலியாகவே பறந்த விமானங்களை அரசு நடத்திற்று. கடைசி விமானத்தையும் 2005இல் கடன்காரர்கள் எடுத்துச் சென்றார்கள். 1993இல் லண்டனில் ஓர் இசை நாடகத்துக்குப் பணம் போட்டு அதையும் இழந்தார்கள். காலனி ஆட்சி போனபின் இத்தனை ஆண்டுகள் கையில் இருந்த சாவியைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

திணைவாணி:
இருவரும் பணத்தைப் பற்றியே எழுதுகிறீர்கள். நிலத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வழக்கைத் தீர்க்க முடியாது என்பதால் சிறிது எழுதுகிறேன்.

நவூருவின் பரப்பு 21 சதுர கிலோமீட்டர். நிலநடுக்கோட்டுக்குச் சற்றே தெற்கில் தன்னந்தனியாகக் கிடக்கிறது. மிக அருகில் உள்ள பனாபா தீவே கிழக்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கடலடியிலிருந்து உயர்ந்து நிற்கும் பவளப்பாறைத் தீவு இது. கரையைச் சுற்றிலும் ஒடுங்கிய சமநிலம் ஒரு வளையம் போலக் கிடக்கிறது. தென்னையும் வீடுகளும் சாலையும் எல்லாம் அதில்தான். அதற்கு உள்ளே செங்குத்தாக எழும் மேட்டுநிலத்தை அங்குள்ளவர்கள் 'டாப்சைட்' என்கிறார்கள். தென்மேற்கில் புவாடா என்ற காயலும் அதைச் சுற்றிச் சிறிது வளமான மண்ணும் உண்டு. அக்காயலில் பால்மீன் வளர்ப்பது பழைய வழக்கம். ஆறு ஒன்றுகூட இல்லை. மழைநீரும், பாறைக்கடியில் உப்புநீர் மேல் மெல்லிய படலமாக மிதக்கும் நிலத்தடி நன்னீருமே பழைய ஆதாரங்கள். இன்று கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இல்லாமல் காலம் தள்ள முடியாது. இயற்கைத் துறைமுகமும் கிடையாது.

பாஸ்பேட் இருந்தது அந்த மேட்டில், சுண்ணாம்புப் பாறையின் கூர்முனைகளுக்கு இடையே உள்ள பிளவுகளில். அதைச் சுரண்டி எடுத்தபின் மிஞ்சுவது சாதாரணப் பள்ளம் அன்று. ஆளுயரத்தையும் விஞ்சி நெருக்கமாக நிற்கும் வெண்சாம்பல் கற்கூர்கள். அங்கே நடப்பதே கடினம், உழவு என்ற பேச்சுக்கே இடமில்லை. தீவின் ஐந்தில் நான்கு பங்கு இப்படி ஆகிவிட்டது. ஆகவே கணக்கன் ஐயா, வீணாய்ப்போன பணத்தையும் இந்த நிலத்தையும் ஒரே பேரேட்டில் எழுதிவிட முடியாது. பணத்தை மறுபடியும் சம்பாதிக்கலாம்.

நெய்தல்:
சகோதரி திணைவாணிக்கு நன்றி. கணக்கன் ஐயா எழுப்பிய 'மீதியைத் தோண்டியவர்கள் யார்' என்ற கேள்விக்கு நவூருவின் தலைவர்களே 1967இல் பதில் சொல்லியிருக்கிறார்கள். 1967 ஜூலை முதல் நாளுக்குப் பின் தோண்டப்படும் நிலத்தின் முழு வருவாயும் தங்களுக்கே வருவதால் அதைச் சீராக்கும் பொறுப்பைத் தாங்களே ஏற்பதாகவும், அதற்கு முன் தோண்டப்பட்ட நிலத்துக்கு அந்த மூன்று அரசுகளே பொறுப்பு என்றும் ஐக்கிய நாடுகள் சபையின் பொறுப்பாட்சி மன்றத்தில் ஹாமர் டிரோபர்ட் பேசினார். பின்னாளில் நாட்டின் முதல் குடியரசுத் தலைவரானவர் அவர். இவ்வளவு நேர்மையாகத் தன் பங்கைப் பிரித்துக்கொண்ட கட்சிக்காரரை வழக்குகளில் அரிதாகவே காண்கிறோம்.

அவ்வழக்கு நெடுநாள் காத்திருந்தது. 1980களின் பிற்பகுதியில் இலங்கைச் சட்ட அறிஞர் கிறிஸ்டோபர் வீரமந்திரி தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, முன்னைய மூன்று அரசுகளுக்கும் பொறுப்பு உண்டு என்று கண்டது. 1989இல் நவூரு ஆஸ்திரேலியாவைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது. வழக்கை விசாரிக்கவே கூடாது என்ற ஆஸ்திரேலியாவின் முதன்மையான எதிர்ப்புகளை 1992இல் நீதிமன்றம் தள்ளியது. மறு ஆண்டே ஆஸ்திரேலியா 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் தருவதாக நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பட்டது. குற்றமே இல்லை என்று உறுதியாக நம்புகிறவர் அப்படித் தருவாரா?

கணக்கன்:
1967ஆம் ஆண்டுப் பேச்சை நான் கருத்தில் கொள்ளவில்லை. அந்த மூன்றில் ஒரு பங்கைப் பொறுத்தவரை என் வாதத்தைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் அதே பேச்சு என் பக்கமும் நிற்கிறது. எஞ்சிய பங்கைச் சீராக்குவோம் என்று வாக்குக் கொடுத்தவர்கள் எவ்வளவு சீராக்கினார்கள்? 1993இன் பணம் வந்த பிறகும் மிகச் சிறிய பகுதியில் மட்டுமே வேலை நடந்தது. 1990களில் அந்நாடு யாருடைய பணம் என்று கேட்காத வங்கிகளுக்கு இடம் கொடுத்தது. 2001 முதல் ஆஸ்திரேலியா திருப்பியனுப்பிய அகதிகளைத் தடுத்து வைத்து வருவாய் தேடியது. 2007இலும் 2012இலும் அங்கே அடைக்கப்பட்டவர்களில் இலங்கைத் தமிழரும் இருந்தனர் என்பது நம்மில் பலருக்கு நெஞ்சில் தைக்கும் செய்தி.

இன்னொன்று. 1960களில் குவின்ஸ்லாந்துக் கரையோரம் கர்ட்டிஸ் தீவில் மக்கள் அனைவரையும் குடியமர்த்த ஆஸ்திரேலியா முன்வந்தது. அதை மறுத்தவர்களும் நவூருவினரே.

நெய்தல்:
கர்ட்டிஸ் தீவை மறுத்ததைக் குறையாகச் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நிலம் தருவோம், ஆட்சியுரிமை தரமாட்டோம், ஆஸ்திரேலியக் குடிமக்களாகக் கரைந்துவிடுங்கள் என்பதே அந்த ஏற்பாடு. கேட்கப்பட்டவர்கள் யார் என்பதையும் பாருங்கள். 1943இல் ஜப்பானியப் படை ஏறத்தாழ 1,200 நவூருவினரைக் கப்பலேற்றி பசிபிக்கிலேயே உள்ள டிரக் (இன்றைய சூக்) தீவுகளுக்குக் கொண்டுபோயிற்று. பசியிலும் நோயிலும் 463 பேர் மடிந்தனர். எஞ்சிய 737 பேர் 1946 ஜனவரி 31 அன்று ஊர் திரும்பினர். டிரோபர்ட்டும் அவர்களில் ஒருவர். விடுதலைக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த நாளும் அந்த ஜனவரி 31தான். தங்கள் இனம் 1,500 பேரை எட்டிய 1932ஆம் ஆண்டு அக்டோபர் 26ஐ இன்றுவரை 'அங்காம்' என்ற பெயரில் விழாவாகக் கொண்டாடும் மக்களிடம், கூட்டமாக இன்னொரு நாட்டில் கலந்துவிடுங்கள் என்றால் எப்படி ஒப்புவார்கள்?

அரசின் ஊழலையும் வீண் செலவையும் நான் மறைக்கவில்லை. அகதிகளை அடைத்துவைத்ததை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்தமாட்டேன்.

திணைவாணி:
ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். கடல் உயர்வதால் கரையோர வளையத்தில் உள்ள வீடுகளை மேட்டுநிலத்துக்கு மாற்றும் திட்டத்தை நவூரு அரசு இப்போது முன்னெடுத்திருக்கிறது. தோண்டிப் பாழாக்கிய அதே டாப்சைட்தான் அவர்களுக்கு எஞ்சியுள்ள உயர்ந்த நிலம். அங்கே வீடு கட்டுவதற்கு முன் கற்கூர்களை உடைத்துச் சமப்படுத்தி, தண்ணீரையும் மண்ணையும் கொண்டுசேர்க்க வேண்டும்.

கணக்கன்:
அதற்கான செலவை முன்னைய மூன்று அரசுகளிடம் சட்டப்படி கேட்க வழியில்லை. அவர்கள்மேல் இனிக் கோரிக்கை எழுப்புவதில்லை என்று 1993 உடன்படிக்கையில் நவூரு ஒப்புக்கொண்டிருக்கிறது.

நெய்தல்:
அந்தக் கையெழுத்தை நான் மறுக்கவில்லை, ஐயா. நீதிமன்றத்தில் கேட்க முடியாததால் கான்பெராவிலும் வெலிங்டனிலும் லண்டனிலும் உள்ள நாடாளுமன்றங்களில் கேட்க வேண்டும் என்கிறேன். 1967க்கு முன் தோண்டிய நிலத்தில் எத்தனை வீடுகள் எழ வேண்டுமோ, அத்தனைக்குமான மண்செலவு அவர்களுடையது.