புதுப்பிப்பு: அப்பாவின் கால் புண்ணும் வல்லாரை விழுதும்

அப்பாவுக்கு இருபது வருடச் சர்க்கரை. உள்ளங்காலில் ஆறாத புண். வல்லாரை அரைத்துப் பூசலாமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பாதிப் பேர் பூசு என்றீர்கள், பாதிப் பேர் திட்டினீர்கள்.

பூசவில்லை. பச்சை இலை விழுதில் மண் கிருமிகள் இருக்கலாம், உணர்வற்ற காலில் சீழ் பிடித்தாலும் வலி தெரியாது என்றார் மருத்துவர். சரிதான்.

ஆனால் வல்லாரையை ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. கற்பூரவல்லிச் சாறும் வல்லாரைச் சாறும் சேர்த்துத் தைவானில் ஒரு களிம்பு செய்திருக்கிறார்கள். 2021இல் வெளியான ஆய்வில் நீரிழிவுக் கால் புண் உள்ள 236 நோயாளிகள். 16 வாரங்களில் களிம்பு போட்டவர்களில் 60.7 சதவீதம் பேருக்குப் புண் முழுதாக மூடியது. வெறும் ஈரம் உறிஞ்சும் கட்டுப் போட்டவர்களில் 35.1 சதவீதம். அழற்சியிலேயே சிக்கிக்கொண்ட மேக்ரோஃபேஜ் செல்களை (கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்கள்) அந்தக் களிம்பு புண் ஆற்றும் வேலைக்குத் திருப்புகிறதாம். தரப்படுத்திய மருந்து அது, அம்மியில் அரைத்தது இல்லை.

அப்படியிருந்தும், நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசக் குழுவின் 2023 வழிகாட்டுதல், புண் ஆற்றுவதற்காக மூலிகைப் பூச்சு வேண்டாம் என்றுதான் சொல்கிறது. மஞ்சள், கற்றாழை பூசுவதும் மூலிகைப் பூச்சுதான்.

அப்பாவுக்கு உதவியது வேறு. செத்த திசுவைச் சுரண்டி எடுத்தார்கள், ரத்த ஓட்டம் பார்த்தார்கள், பாதத்தில் எடை விழாதபடி முழங்கால் வரை கட்டுப் போட்டார்கள். புண் இப்போது பாதியாகிவிட்டது. அந்தக் கட்டோடு அவர் போடும் சண்டையைத் தனியாக எழுத வேண்டும்!