‘கிருமிக்கொல்லி’ பூஞ்சைக்குப் பொருந்துமா? ‘முளைமுடக்கம்’ என்றொரு பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம்.

அலுவலகக் குளிரூட்டிக்குள் பொருத்தும் புற ஊதா விளக்குக்குப் பணியாளர் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதன் கதிர் நுண்ணுயிர்களுக்குச் செய்வதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நம் குழுவில் பேசிவருகிறோம். ஐயா ஒருவர் நேற்றுச் சொன்ன ‘கிருமிக்கொல்லிக் கதிர்’ பாக்டீரியாவுக்குச் சரி. காற்றில் வரும் பூஞ்சைக்கு அது ஒட்டவில்லை.

வெங்காயம் உரிக்கும்போது தோலுக்கடியில் கருப்புப் பொடி இருக்கும், தொட்டால் விரலில் மை போல அப்பும். பெரும்பாலும் அது அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையின் வித்துகள் (ஸ்போர்கள்)தான். அந்தக் கருமையே அதற்குக் குடை. கதிரை உள்ளே விடாமல் தடுத்துவிடுகிறது. சாதாரண பாக்டீரியாவுக்குப் போதுமான அளவு புற ஊதாக் கதிர் (254 நானோமீட்டர் அலைநீளம்) இதற்குப் போதாது, பல மடங்கு வேண்டும். காற்றுக் குழாய்க்குள் பறக்கும் வித்து விளக்கைக் கடந்துபோக ஒரு நொடிகூட ஆகாது, அதற்குள் போதிய கதிர் படுவது கடினம். ஆனால் ஈரம் சொட்டும் குளிர்சுருளிலும் வடிதட்டிலும் இரவும் பகலும் கதிர் விழுகிறது, அங்கே பூஞ்சை வளர முடிவதில்லை. கனடாவின் மான்ட்ரியலில் 3 அலுவலகக் கட்டடங்களில் நடந்த ஆய்வு 2003-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. கதிர் பட்ட பரப்புகளில் நுண்ணுயிர்கள் 99% குறைந்தன. ஊழியர்களின் மூக்கு, தொண்டைத் தொல்லைகளும் குறைந்தன.

சரி, போதிய கதிர் பட்ட வித்துக்கு என்னதான் ஆகிறது? டிஎன்ஏவில் அடுத்தடுத்து இருக்கும் தைமின் என்னும் கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. படியெடுக்க வழியில்லாமல் வித்து முளைவிடுவதில்லை. ஆனால் வித்து எங்கும் போய்விடவில்லை. அவித்த நெல்லை நினைத்துப் பாருங்கள்: பார்வைக்கு முழு நெல், நாற்றங்காலில் தூவினால் முளைக்காது. ஒவ்வாமை தரும் புரதங்கள் முளைக்காத வித்திலும் இருக்கின்றன, தும்மலும் இளைப்பும் அதனாலும் வரும். ‘கொல்லி’ என்று அச்சிட்டால், “அதான் செத்துப்போச்சே, வடிகட்டியை எதுக்கு மாத்தணும்?” என்று பராமரிப்புக்கு வருபவர் கேட்பார். என் கவலை முழுக்க அதுதான்.

இன்னொன்றும் உண்டு. பல பூஞ்சைகளில், பிறகு சாதாரண வெளிச்சம் பட்டால் அந்த ஒட்டலைப் பிரித்துச் சீர்செய்யும் நொதி இருக்கிறது. கொன்றது எப்படி மீளும்? வங்கிக் கணக்கை முடக்கினார்கள் என்கிறோம். கணக்கு அங்கேயேதான் இருக்கிறது, முடக்கத்தை நீக்கவும் செய்யலாம். அதனால்தான் ‘முளைமுடக்கம்’. வெளிச்சத்தால் மீள்வதற்கு ‘ஒளிமீட்சி’ என்று வைத்தால் இரண்டும் இணையாக நிற்கும்.

குழுவில் அக்கா ஒருவர் சொன்ன ‘மலடாக்கம்’ பொருளில் நெருக்கமானதுதான். ஆனால் மனிதர்களைக் குத்திய சொல் அது, கையேட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ‘செயலிழப்பு’ என்றால் விளக்கு பழுதாகிவிட்டது என்று படிப்பார்கள். சுருளில் ஏற்கெனவே படர்ந்த இழைகளுக்கு ‘முளை’ பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். அங்கே ‘வளர்ச்சித்தடை’ என்றே எழுதலாம்.

அப்புறம், காற்றில் வரும் பூஞ்சைக்கு ‘மிதவைப் பூஞ்சை’ என்ற பெயர் வேண்டாம். மிதவை உயிரி என்று கடல்நீரில் மிதப்பவற்றைச் சொல்லிப் பழகிவிட்டோம். ‘காற்றில் மிதக்கும் பூஞ்சை வித்து’ என்று விரித்தே எழுதுகிறேன், இதற்குத் தனிச்சொல் தேவைப்படவில்லை.

கையேட்டின் வரி இப்போது இப்படி இருக்கிறது: “இவ்விளக்கு பூஞ்சை வித்துகளை முளைமுடக்கும், காற்றிலிருந்து அகற்றாது. வடிகட்டியைத் தவறாமல் மாற்றவும். விளக்கு எரியும்போது மூடியைத் திறக்காதீர்கள், கண்ணும் தோலும் புண்ணாகும்.”

‘முளைமுடக்கும்’ என்பதை வாய்விட்டுப் படிக்கும்போது நாக்கு இடறினால் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.