சைலன்ட் வேலி: 9 பேர், ஒரு வேன், ஒன்றரை நாள். இந்தத் திட்டம் சரிவருமா?

வலைக்கயிறு (மண்டபம்)

வணக்கம். விசைப்படகுத் தடைக்காலத்தில்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாகக் கரையில் இருப்போம். அதனால் இந்தத் தடவை கேரளாவில் சைலன்ட் வேலி போகலாம் என்று முடிவு. மொத்தம் 9 பேர். பெரியவர்கள் 6, பிள்ளைகள் 3 (7, 10, 13 வயது). அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் தேய்மானம் உண்டு, இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறார்கள்.

போட்டு வைத்திருக்கும் திட்டம்: ஜூன் முதல் வாரம் சனிக்கிழமை அதிகாலை 4 மணிக்கு மண்டபத்தில் வேன் எடுக்கிறோம். மதியச் சாப்பாட்டுக்குக் காட்டு வாசலில் இருக்கும் முக்காலி என்ற ஊர். சாப்பிட்டுவிட்டு அதே வேனில் காட்டுக்குள் போய்ச் சுற்றிப் பார்த்து, குந்திப்புழை ஆற்றில் பிள்ளைகளைக் குளிக்கவிட்டு, ராத்திரி தங்கி ஞாயிறு காலையில் திரும்புகிறோம்.

ரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு எவ்வளவு உப்பு கொண்டுபோக வேண்டும் என்பதும் சொல்லுங்கள். உப்புக்கு நம்ம பக்கம் பஞ்சமில்லை. திட்டத்தில் எங்கே இடிக்கும்?

ஒலவக்கோட்டுத் தமிழன்

தம்பி, மூன்று இடத்தில் இடிக்கும். முதலாவது நேரம். முக்காலியில் காட்டுக்குள் அனுமதிப்பது காலை 8 முதல் மதியம் 1 வரைதான். போய்வர நாலைந்து மணி நேரம் ஆகும் என்பதால் 1 மணிக்கு மேல் வண்டி ஏற்றமாட்டார்கள். மண்டபத்திலிருந்து முக்காலி ஏறத்தாழ 450 கிலோமீட்டர். மதுரை, திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி, பாலக்காடு, மன்னார்க்காடு என்று வரவேண்டும். பிள்ளைகளும் பெரியவரும் இருக்கும் வேனுக்கு 11 மணி நேரம் வையுங்கள். 4 மணிக்குக் கிளம்பினால் பிற்பகல் 3 மணி. கவுண்டர் மூடி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும்.

இரண்டாவது, உங்கள் வேன் உள்ளே போகாது. சொந்த வண்டி முக்காலியோடு நிற்க வேண்டும். அங்கிருந்து பூங்காவுக்குள் பார்வையாளர் போகும் இடமான சைரந்திரி வரை 23 கிலோமீட்டர் காட்டுப் பாதை. அனுமதி பெற்ற ஜீப்பில், வழிகாட்டியோடுதான் போக முடியும். ஜீப்புக்கு 5 பேர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 9 பேர் என்றால் இரண்டு ஜீப். வனத்துறையில் முன்பதிவு செய்யும்போது "ஒரு குழு, இரண்டு வண்டி" என்று தெளிவாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரு ஜீப் 8 மணிக்கும் இன்னொன்று 11 மணிக்கும் போகும். கட்டணம் அவ்வப்போது மாறும், அதையும் பதிவின்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஜூன். அதைத் தனியாகப் பேச வேண்டும்.

சோலைமந்தி (பரமக்குடி)

ஜூனை விட்டுவிடுங்க. நம்ம ஊர் மழைக் கணக்கை அங்கே வைக்கக் கூடாது. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால்தான் மழை. அந்த மலைக்கு ஆனி, ஆடிதான் அடைமழை. கேரளாவில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 1. 2025இல் மே 24ஆம் தேதியே இறங்கிவிட்டது. மழை வலுத்தால் மன்னார்க்காட்டுக்கும் அட்டப்பாடிக்கும் நடுவிலுள்ள மலைச்சாலையில் மண் சரியும், மரம் விழும், வனத்துறையும் பார்வையாளரை நிறுத்திவிடும். காசு கட்டிப் பதிவு செய்துவிட்டு முக்காலியில் குடையோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அதன் கடைசியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். முன்பாதிக்கு வாங்க. ஏப்ரல் கடைசி வாரமோ மே முதல் வாரமோ சரியாக இருக்கும். கோடை இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். காலை 8 மணி ஜீப்பைப் பிடித்தால் அதற்குள் திரும்பிவிடலாம். பள்ளி விடுமுறைக் கூட்டம் இருக்கும் என்பது மட்டும்தான் குறை. சனி, ஞாயிறை விட்டுச் செவ்வாய், புதன் என்று வையுங்கள். வலை இழுக்காத நாளில் உங்களுக்கு எந்தக் கிழமையானால் என்ன?

உப்பளத்தான்

பிப்ரவரி, மார்ச்சில் வரையாடு குட்டி போடும் காலம் என்று சைலன்ட் வேலியை மூடுவார்களே? ஏப்ரலிலும் மூடியிருந்தால்?

சோலைமந்தி (பரமக்குடி)

அது மூணாறு பக்கத்து இரவிகுளம் அண்ணே. குட்டி போடும் காலம் என்று ஆண்டுதோறும் மூடுவது அங்கேதான். இரண்டும் கேரளாவில், இரண்டும் தேசியப் பூங்கா என்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இது வேறு மாதிரி இடம். நீலகிரி மேட்டின் தென்மேற்கு மூலையில், நாலாபக்கமும் செங்குத்துச் சரிவு கட்டிய பள்ளத்தாக்கு. குந்திப்புழை வடக்கே பிறந்து தெற்கே ஓடி, கடைசியில் குறுகிய மலை இடுக்கு வழியாகச் சமவெளிக்கு இறங்குகிறது. அந்த இடுக்கை அடைத்து 120 மெகாவாட் மின்சாரத்துக்கு அணை கட்டத்தான் திட்டம் போட்டார்கள். எழுத்தாளர்களும் அறிவியல் ஆட்களும் பல ஆண்டு போராடி, 1983இல் திட்டம் கைவிடப்பட்டு, 1984இல் தேசியப் பூங்கா ஆனது. சைரந்திரியில் உள்ள காட்சிக் கோபுரத்தில் ஏறினால் அந்தப் பள்ளம் கண்ணுக்கு நேரே தெரியும். என்ன பார்க்கிறோம் என்று தெரிந்து ஏறினால்தான் ஏறிய பலன்.

கீழக்கரைப் பயணி

வேன் யாருடையது? வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்துப் போகாதீர்கள். சொந்தப் பயன்பாட்டு வண்டியில் காசுக்கு ஆள் ஏற்றினால் எல்லையில் பிடித்தால் அபராதம், பயணமும் பாதியில் நிற்கும். மஞ்சள் போர்டு என்றால் டூரிஸ்ட் பர்மிட், கேரளத்துக்கான வரி ரசீது, இன்சூரன்ஸ் மூன்றையும் முந்தின நாளே உரிமையாளரிடம் வாங்கிப் போனில் படம் எடுத்து வையுங்கள். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் வழியில் கோபாலபுரத்தில் சோதனைச் சாவடி. "போய்ப் பார்த்துக்கலாம்" என்று டிரைவர் சொன்னால் வேறு வண்டி பாருங்கள்.

வலைக்கயிறு (மண்டபம்)

நல்லவேளை கேட்டேன் காக்கா. வேன் வெள்ளை போர்டுதான், தெரிந்தவர் வண்டி. அப்படியானால் ரயிலில் போகலாமா? அம்மாவுக்கும் படுத்துக்கொண்டு வர வசதியாக இருக்கும்.

ஒலவக்கோட்டுத் தமிழன்

தாராளமாக. அம்ரிதா எக்ஸ்பிரஸ் முன்பு மதுரையோடு நின்றது, இப்போது ராமேஸ்வரம் வரை வருகிறது. மதியம் புறப்பட்டு இரவில் பாலக்காடு. பழனி, பொள்ளாச்சி வழி. ஒரு விஷயத்தில் கவனம்: பொள்ளாச்சி தாண்டியதும் முதலில் வருவது பாலக்காடு டவுன். அங்கே இறங்க வேண்டாம். அடுத்து வரும் பாலக்காடு ஜங்ஷனில் இறங்குங்கள். ஜங்ஷன் இருப்பது ஒலவக்கோட்டில். மன்னார்க்காடு போகும் கோழிக்கோடு சாலை ஸ்டேஷன் பக்கத்திலேயே ஓடுகிறது. டவுனில் இறங்கினால் 9 பேரும் மூட்டையோடு ஊரைக் கடந்து திரும்ப இங்கேதான் வரவேண்டும்.

அன்று இரவு ஒலவக்கோட்டிலேயே தங்குங்கள். இருட்டில் மலை ஏற வேண்டாம், அட்டப்பாடிச் சாலையில் யானை இறங்கும். மறுநாள் நிதானமாக மன்னார்க்காடு (சுமார் 40 கிலோமீட்டர்), அங்கிருந்து அகளி, ஆனைக்கட்டி போகும் பேருந்தில் முக்காலி (சுமார் 20 கிலோமீட்டர்). பேரைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்கும், சிரிக்கட்டும். அன்று முக்காலியில் தங்கிவிட்டு, அதற்கடுத்த நாள் காலை 7.30க்குக் கவுண்டர் முன்னால் நில்லுங்கள். ஒன்றரை நாள் மூன்றரை நாள் ஆகிறது, தெரியும். ஆனால் அதற்குக் குறைத்தால் பார்ப்பது ரோட்டைத்தான்.

பணம் மன்னார்க்காட்டிலேயே எடுத்துவிடுங்கள். மேலே போனால் போனில் பணம் அனுப்பலாம் என்று நம்பாதீர்கள், சிக்னல் இருக்காது. எல்லோருடைய ஆதாரும் கையில் இருக்கட்டும்.

சோலைமந்தி (பரமக்குடி)

அம்மா விஷயம். ஜீப்பில் பின்பக்கம் எதிரெதிர் பலகை சீட்டாக இருந்தால் அங்கே உட்கார வைக்காதீர்கள். டிரைவர் பக்கத்து முன் சீட், இடுப்புக்குப் பின்னால் ஒரு சின்னத் தலையணை. 23 கிலோமீட்டரும் குலுக்கல்தான்.

சைரந்திரியில் இருப்பது சுமார் 30 மீட்டர் இரும்புக் கோபுரம், படி ஏற வேண்டும். தேய்ந்த முழங்காலுக்கு அது வேண்டாம். அம்மா கீழேயே இருக்கலாம், காடு அங்கேயும் காடுதான். அங்கிருந்து ஆற்றின் தொங்குபாலத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் நடை. பாலம் வரை விடுகிறார்களா என்பதை முக்காலியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், சில காலம் கோபுரத்தோடு நிறுத்துவார்கள். இதில் ஏமாறுவது எங்கே என்றால், போகும்போது இறக்கம். "சும்மா நடக்கிறதே" என்று அம்மாவும் வந்துவிடுவார்கள். இறக்கத்தில்தான் முட்டிக்குப் பாரம் அதிகம், வலி தெரிவதற்குள் ஆற்றங்கரை வந்திருக்கும். திரும்ப ஒன்றரை கிலோமீட்டர் ஏற்றம், அங்கே ஜீப் வராது. யாராவது ஒருவர் அம்மாவோடு மேலேயே இருந்துவிடுங்கள்.

அட்டை: ஏப்ரல், மே வறட்சியில் பாதையில் குறைவு. மழை பெய்துவிட்டால் இருக்கும். உப்பை மூட்டையாகக் கட்டாதீர்கள். காலுறையில் தடவிய உப்பு ஈரம் பட்டதும் கரைந்து ஓடிவிடும். முழங்கால் வரை வரும், நெருக்கமாக நெய்த பருத்திக் காலுறை வாங்கி, பேன்ட்டுக்கு மேலே இழுத்துக் கட்டுவதுதான் வழி. கடித்திருந்தால் உப்போ நெருப்போ வைக்க வேண்டாம். அது குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கும். மெல்லிய முனை எதுவோ அதுதான் வாய். அந்தப் பக்கம் தோலோடு ஒட்டி விரல் நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் பிடி விடும். பிறகு தடித்த முனை. கழுவித் துணியால் அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் உறையவிடாத பொருளை அது கடிக்கும்போதே விட்டிருக்கும், அதனால் வெகுநேரம் கசியும். அம்மா சாப்பிடும் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் நீளும். புறப்படும் முன் அவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

உப்பளத்தான்

குளியலைப் பற்றி யாரும் பேசவில்லையே. மண்டபத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தர வேண்டுமா?

ஒலவக்கோட்டுத் தமிழன்

அந்த தைரியம்தான் ஆபத்து. பூங்காவுக்குள் ஆற்றில் இறங்க விடமாட்டார்கள், அதனால் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். வெளியே மலையாறு எங்கே கண்டாலும் கடல் கணக்கில் இறங்காதீர்கள். உப்புத் தண்ணீர் தூக்கும், ஆற்றுத் தண்ணீர் அவ்வளவு தூக்காது. கடலில் மிதந்து பழகிய உடம்புக்கு அந்த வித்தியாசம் களைத்த பிறகுதான் தெரியும். பாக் கடல் பக்கம் உங்களுக்கு அடியில் மணலும் சேறும். அங்கே பாசி பிடித்த பாறை, இடுக்கில் கால் மாட்டும். மேலே மலையில் பெய்த மழை, வெயில் அடிக்கும் இடத்தில் வெள்ளமாக வந்து நிற்கும்.

வலைக்கயிறு (மண்டபம்)

சரி, குளியல் கிடையாது. ரயில், மே முதல் வாரம், செவ்வாய், இரண்டு ஜீப். நடு மகன் மலைப்பாதையில் வாந்தி எடுப்பான். அப்புறம் சிங்கவால் குரங்கு நிச்சயம் தெரியுமா? அவனுக்கு அதுதான் வேண்டும்.

சோலைமந்தி (பரமக்குடி)

நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிங்கவால் குரங்குக்கு இன்னொரு பேர்தான் சோலைமந்தி. அது மரஉச்சியில் வாழ்வது, தரைக்கு அபூர்வமாகத்தான் வரும். வெடிப்பலா மரத்தின் பூவும் காயும் அதற்குப் பிடித்த தீனி. முள்ளு முள்ளான காய்த் தோல் பாதையில் புதிதாகக் கிடந்தால் ஜீப்பை நிறுத்தச் சொல்லி மேலே பாருங்கள். அங்கே கருப்பாக ஒன்று தாவினால் உடனே கத்த வேண்டாம். நீளமான, ஒல்லியான வாலும் மங்கிய பழுப்புத் தலையும் இருந்தால் அது கருமந்தி, அடிக்கடி தெரியும். முகத்தைச் சுற்றி வெள்ளிநரைப் பிடரியும் வால் நுனியில் குஞ்சமும் இருந்தால்தான் அவன் கேட்டது. தொலைநோக்கி எடுப்பதானால் 8 மடங்கு போதும். 12, 16 மடங்கெல்லாம் கையில் ஆடும், பிள்ளை இலையைத்தான் பார்ப்பான்.

வாந்திக்கு: முன்னோக்கிய சீட், கண் தூரத்து வளைவில், போன் கையில் கூடாது. உட்காதுக்கு அசைவு தெரிந்து, கண்ணுக்குத் தெரியாமல் போனால்தான் குமட்டும். மாத்திரை தருவதானால் வயதுக்கேற்ற அளவை டாக்டரிடம் வாங்கி, மலை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கொடுங்கள். வாந்தி தொடங்கிய பின் கொடுத்தால் அதுவும் சேர்ந்து வெளியே வரும். காலையில் இரண்டு இட்லி, எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். வெறும் வயிறும் வேண்டாம். மேலே சாப்பாடு கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், முக்காலியிலேயே முடித்துவிடுங்கள்.

கீழக்கரைப் பயணி

தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில், ஆளுக்கு ஒரு லிட்டர். பிளாஸ்டிக் பாட்டிலும் பாலிதீன் பையும் கவுண்டரிலேயே நிற்கும். பிள்ளைகளின் பிஸ்கட்டையும் துணிப்பையில் மாற்றிக்கொள்ளுங்கள். பளிச் சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம், சாம்பலும் பச்சையும் போதும்.

வலைக்கயிறு (மண்டபம்)

அம்மா வழிச்சாப்பாட்டுக்கு நெத்திலிக் கருவாட்டுப் பொரியல் கட்டுவதாகச் சொல்கிறார்கள்.

ஒலவக்கோட்டுத் தமிழன்

ரயிலில் திண்டுக்கல் வருவதற்குள் தின்று முடித்துவிடுங்கள். மூடிய ஜீப்பில் வாந்தி எடுக்கும் பிள்ளையையும் கருவாட்டையும் ஒன்றாக ஏற்றினால், 23 கிலோமீட்டரில் பாதி கூடத் தாண்டமாட்டீர்கள்.