காசு கொடுத்து வாங்கியவருக்கே பூட்டு: மென்பொருள் மாறியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

நூலடுக்கு:

நான் வழக்கமாக வாங்கிக்கொண்டிருந்த மின்னூல் கடையை இழுத்து மூடிவிட்டார்கள். பெயர் வேண்டாம். வாங்கிய புத்தகங்கள் எல்லாம் அவர்களுடைய செயலியில் மட்டுமே திறக்கும். இப்போது எதைத் தொட்டாலும் “உரிமத்தைச் சரிபார்க்க இயலவில்லை, இணைய இணைப்பைப் பாருங்கள்” என்று ஒரு சின்னப் பெட்டி வருகிறது. என் இணைப்பு நன்றாகத்தான் இருக்கிறது, மறுமுனையில்தான் ஆள் இல்லை. கோப்புகள் என் வட்டில் பத்திரமாக இருக்கின்றன, ஒவ்வொன்றும் எத்தனை எம்.பி. என்றுகூடத் தெரிகிறது. படிக்கத்தான் முடியாது.

இது புதுக்கதை இல்லை. 2009 ஜூலையில் அமேசான், ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை வாங்கியவர்களின் கிண்டில் என்ற மின்னூல் வாசிப்புக் கருவிக்குள் போயே அழித்தது. விற்றவருக்கு விற்கும் உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அப்புறம் மன்னிப்பும் கேட்டார்கள். 2019-இல் மைக்ரோசாப்ட் தன் மின்னூல் பிரிவை மூடியபோது எல்லாருக்கும் பணம் திரும்பி வந்தது. நூலில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். அவர்கள் நியாயமாகத்தான் நடந்துகொண்டார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. பணம் வந்தது சரி, புத்தகம் எங்கே என்பதுதான் என் கேள்வி.

பூட்டுப் போட்ட மென்பொருளைவிட்டு வெளியே வந்தவர்கள், வரப் பார்த்துத் திரும்பிப் போனவர்கள், இரண்டு பேரும் எழுதுங்கள். “விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்” என்ற ஒற்றை வரி மட்டும் வேண்டாம்.

வெட்டுப்பலகை:

எங்கள் பட்டறையில் ஒரு வெட்டும் இயந்திரம். அதற்கு வரைபடம் போடும் மென்பொருளோடு ஒரு டாங்கிள் வந்தது. கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் துண்டு, பழைய பிரிண்டர் போர்ட்டில் செருகி இரண்டு பக்கமும் திருகு முடுக்க வேண்டும். அது இருந்தால்தான் மென்பொருள் எழுந்திருக்கும். கணினி பழுதானது. புதுக் கணினியில் அந்தப் போர்ட்டே கிடையாது. யு.எஸ்.பி. மாற்றி ஒன்று வாங்கிப் பார்த்தோம், பிரிண்டருக்கு வேலை செய்தது, டாங்கிளை மட்டும் கண்டுகொள்ளவில்லை. மென்பொருளை விற்ற நிறுவனமோ எப்போதோ காணாமல் போய்விட்டது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பக்கத்துப் பட்டறைக்காரர் அதே மென்பொருளின் திருட்டுப் பிரதியை வைத்திருக்கிறார். டாங்கிள் இல்லை, திருகு இல்லை, புதுக் கணினியில் ஜோராக ஓடுகிறது. பூட்டு யாருக்காக என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

கடைசியில் பிரிண்டர் போர்ட் உள்ள பழைய கணினி ஒன்றைத் தேடிப் பிடித்து, டாங்கிளைச் செருகி, இருந்த வரைபடங்கள் அத்தனையையும் டி.எக்ஸ்.எஃப். வடிவத்தில் வெளியே எடுத்தேன். அந்த வடிவத்தின் விவரம் வெளிப்படையாக வெளியிடப்பட்டது, பெரும்பாலான வரைபட மென்பொருள்கள் படிக்கும். இப்போது தட்டை வரைபடத்துக்கு லிப்ரெகேட், முப்பரிமாணத்துக்கு ஃப்ரீகேட். இரண்டும் கட்டற்ற மென்பொருள், அதாவது மூலநிரலை யாரும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம். லிப்ரெகேட்டில் வசதிகள் குறைச்சல்தான், கோடு போட அது போதும். ஒன்று மட்டும் எல்லாருக்கும் சொல்வேன்: மாறப்போகிறீர்கள் என்றால் பழைய மென்பொருள் உயிரோடு இருக்கும்போதே கோப்புகளை வெளியே எடுத்துவிடுங்கள். அது செத்த பிறகு உள்ளே இருப்பதை எடுக்க வழியே இல்லை.

ஒலித்தட்டு:

வெட்டுப்பலகை அண்ணா, பிரிண்டர் போர்ட் டாங்கிளாவது வெளியே தெரிந்தது. 2005-இல் சோனி பி.எம்.ஜி. இசைத்தட்டுகளை நினைத்துப் பாருங்கள். பாட்டுக் கேட்கத் தட்டைப் போட்டால், கணினிக்குள் ஒரு மறைவான நிரல் போய் உட்கார்ந்துகொண்டது. மார்க் ருசினோவிச் என்ற நிபுணர் தன் கணினியைத் துழாவும்போதுதான் அது வெளியே வந்தது. பெயர் ‘டாலர், எஸ், ஒய், எஸ், டாலர்’ என்று தொடங்கும் எந்தக் கோப்பையும் அது கண்ணில் படாமல் மறைத்துவிடும். வைரஸ் எழுதுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? தங்கள் கோப்புக்கும் அதே பெயரை வைத்து உள்ளே ஒளிந்துகொண்டார்கள். கடைசியில் தட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

இசையில் இந்தப் பூட்டு நிற்கவில்லை. 2007-இல் ஸ்டீவ் ஜாப்ஸே பூட்டில்லாமல் விற்கலாம் என்று வெளிப்படையாக எழுதினார், 2009-இல் ஐடியூன்ஸ் பாடல்களிலிருந்து அது போய்விட்டது. அதற்காக இசைத்தொழில் படுத்துவிடவில்லை. ஆனால் இப்போது எல்லாரும் சந்தா கட்டிக் கேட்கிறார்கள், பூட்டு பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. அது வேறு சங்கதி.

கட்டற்ற மென்பொருள் என்றால் எல்லாம் சுத்தம் என்றும் நினைக்க வேண்டாம். நான் ஒலிப்பதிவுக்குப் பயன்படுத்தும் ஆடாசிட்டி 2021-இல் வேறு கைக்கு மாறியது. உடனே பயன்பாட்டு விவரங்களைச் சேகரிக்கும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பெரிய கூச்சல் கிளம்பியது, திட்டத்தைக் கைவிட்டார்கள். அதற்குள் சிலர் மூலநிரலை எடுத்துக்கொண்டு தனியாகப் பிரிந்தே போய்விட்டார்கள். இதே வேலையைப் பூட்டிய மென்பொருள் செய்திருந்தால் நாம் கூச்சல் போடலாம், பிரிந்து போக முடியாது.

கேள்திரை:

எனக்குப் பார்வை கிடையாது. ஆகவே என் அனுபவம் கொஞ்சம் வேறு.

பல ஆண்டுகள் ஒரு வணிகத் திரைவாசிப்பானைத்தான், அதாவது திரையில் இருப்பதை உரக்கப் படிக்கும் மென்பொருளைத்தான், பயன்படுத்தினேன். நல்ல மென்பொருள், அதில் குறை இல்லை. உரிமம் மட்டும் கணினியோடு கட்டிப்போடப்பட்டிருக்கும். வட்டை மாற்றினால் வேறு கணினி என்று நினைத்துக்கொள்ளும், மறுபடி செயலாக்கம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் கொஞ்ச நேரம் பேசிவிட்டு நிறுத்திக்கொள்ளும், கணினியை மறுபடி இயக்கினால்தான் வாய் திறக்கும். ஒரு முறை செயலாக்கத்துக்கான நீளமான எண்ணை நான் தட்டிக்கொண்டிருக்கும்போதே அது பேச்சை நிறுத்திவிட்டது. எந்தக் கட்டத்தில் நிற்கிறேன், எத்தனை இலக்கம் அடித்தேன், ஒன்றும் தெரியவில்லை. காசு கட்டி வாங்கிய கண்ணை நடுவழியில் பிடுங்கிக்கொண்ட மாதிரி.

அப்புறம்தான் என்.வி.டி.ஏ. என்ற கட்டற்ற திரைவாசிப்பானுக்கு வந்தேன். 2006-இல் மைக்கேல் கர்ரன் என்பவர் தொடங்கியது. அவரும் பார்வையற்றவர். ஜேம்ஸ் டே என்ற இன்னொரு பார்வையற்றவர் அவரோடு சேர்ந்துகொண்டார். தேவைப்படுகிறவர்களே தங்களுக்காக எழுதியது என்பது பயன்படுத்தும்போது தெரியும். ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்துப் போகலாம், யாருடைய விண்டோஸ் கணினியில் செருகினாலும் பேசும், உரிமம் கேட்காது. கூடவே வரும் ஈஸ்பீக் குரலில் தமிழும் உண்டு. குரல் இயந்திரக் குரல்தான், முதலில் காதைக் குடையும். பழகிய பிறகு வேகத்தைக் கூட்டிக் கேட்கலாம். சொல் தப்பாக ஒலித்தால் உச்சரிப்பு அகராதியில் நானே திருத்திக்கொள்கிறேன்.

மின்னூல் பூட்டு பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் வாங்கிய நூல் ஒன்றைத் திரைவாசிப்பானால் தொடவே முடியவில்லை. படம் மாதிரி திரையில் நிற்கிறது, உள்ளே எழுத்து இருக்கிறது, எனக்கு மட்டும் கிடையாது. 2009-இல் வந்த கிண்டில் 2 நூலை உரக்கப் படிக்கும் என்று அறிவித்தார்கள். அமெரிக்க எழுத்தாளர் சங்கமான ஆத்தர்ஸ் கில்டு எதிர்த்தது. உடனே அந்த வசதியை வைப்பதா வேண்டாமா என்பதை நூலின் பதிப்புரிமை வைத்திருப்பவர்களே முடிவு செய்யலாம் என்று அமேசான் விட்டுக்கொடுத்தது. அமெரிக்காவில் பூட்டை உடைப்பதே 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி கூடாது, நூல் உங்களுடையதாக இருந்தாலும். எங்களைப் போன்றவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அந்த விலக்கை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசீலித்துப் புதுப்பிக்க வேண்டும். படிப்பதற்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை அனுமதி! பார்வையற்றோர் படிக்கும் வடிவில் நூல்களை மாற்றிக்கொள்ள 2013-இல் மராகேஷ் உடன்படிக்கை வந்தது, அது நல்ல காரியம். கடையில் வாங்கும் நூல் அப்படியே திறக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

மூலநிரல்:

கேள்திரை ஐயா, என்.வி.டி.ஏ. ஓடுவது விண்டோஸில்தானே? அடித்தளமே பூட்டியது, மேலே கட்டற்றது என்றால் என்ன பயன்? லினக்ஸில் ஆர்கா என்ற திரைவாசிப்பான் இருக்கிறதே.

கேள்திரை:

இருக்கிறது தம்பி, பயன்படுத்தியும் பார்த்தேன். டெஸ்க்டாப்பைப் புதுப்பிக்கும்போதெல்லாம் எங்கேயாவது ஒரு சாளரம் ஊமையாகிவிடுகிறது. சரிசெய்கிறார்கள், நன்றி. அதுவரை நான் வேலை பார்க்க வேண்டுமே? இன்னொன்று, ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்த பிறகு அதன் கருவிகளை எதில் உட்கார்ந்து எழுதினார்? பூட்டிய யூனிக்ஸ் இயங்குதளத்தில்தான். இருக்கிற இடத்திலிருந்துதானே கிளம்ப முடியும்.

மூலநிரல்:

சரி ஐயா, ஒப்புக்கொள்கிறேன்.

பத்தி:

நான் அலுவலகக் கதை சொல்கிறேன். சிறிய மொழிபெயர்ப்பு அலுவலகம், நாள் முழுக்க ஆவணம்தான். மைக்ரோசாப்ட் ஆபிஸை விட்டு லிப்ரெஆபிஸ் என்ற கட்டற்ற மென்பொருளுக்கு மாறியபோது முதலில் வந்த புகார், “அட்டவணை அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டது.” மென்பொருளைத் திட்டினார்கள். பார்த்தால் காரணம் எழுத்துரு. வருகிற ஆவணங்கள் பெரும்பாலும் காலிப்ரியில் இருக்கும், அது எங்கள் கணினியில் இல்லை. வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்ததும் ஒவ்வொரு எழுத்தும் ஒரு மயிரிழை அகலம், வரி உடையும் இடம் மாறி, பத்து வரியில் ஒரு வரி கூடி, அட்டவணை தள்ளப்பட்டுவிடும். காலிப்ரிக்குப் பதிலாகக் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குப் பதிலாகக் கலடியா என்று இரண்டு கட்டற்ற எழுத்துருக்கள் உண்டு. எழுத்தின் அகலம் அச்சு அசலாக அதே அளவு. அவற்றை நிறுவியதும் பாதிப் புகார் அடங்கியது.

மீதிப் பாதி மேக்ரோ, அதாவது கோப்புக்குள் எழுதி வைக்கும் குட்டி நிரல். அதற்குக் குறுக்குவழி இல்லை. கணக்குப் பிரிவில் ஒருவர் பல ஆண்டுகளாகக் கட்டி வைத்திருந்த எக்செல் கோப்பு இங்கே ஓடவில்லை. அவருக்கு மட்டும் பழைய மென்பொருளையே விட்டுவைத்தோம். எல்லாரையும் ஒரே நாளில் மாற்றியே தீருவேன் என்று நின்றிருந்தால் மொத்தத் திட்டமும் கவிழ்ந்திருக்கும். ம்யூனிக் நகராட்சியே 2004-இல் தொடங்கி ஆயிரக்கணக்கான கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிவிட்டு, 2017-இல் விண்டோஸுக்குத் திரும்பலாம் என்று முடிவெடுத்தது. அதில் அரசியலும் உண்டு. ஆனால் வேலை செய்கிறவர் முகம் சுளித்தால் அரசியல்வாதிக்குச் சாக்கு கிடைத்துவிடும்.

உள்ளே சேமிப்பது ஓ.டி.எஃப். என்ற திறந்த ஆவண வடிவம். அது 2006 முதல் ஐ.எஸ்.ஓ. சர்வதேசத் தரம், நாளைக்கு லிப்ரெஆபிஸ் இல்லாமல் போனாலும் வேறொன்று திறக்கும். வெளியே அனுப்புவது பி.டி.எஃப். அதிலும் ஒரு அருமையான வசதி: ஏற்றுமதி செய்யும்போது ‘ஹைப்ரிட்’ என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்தால், திருத்தக்கூடிய மூல ஆவணமும் அதே பி.டி.எஃப். கோப்புக்குள் போய்விடும். வாங்குகிறவர் பி.டி.எஃப். ஆகப் படிப்பார், நாம் லிப்ரெஆபிஸில் திறந்து திருத்துவோம். இது இருப்பதே பலருக்குத் தெரியாது.

வண்ணத்தகடு:

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒருவர் எழுத வேண்டுமே. நான் மாறிவிட்டுத் திரும்பிப் போனவன்.

அச்சுக்கு வடிவமைப்பது என் தொழில். கிம்ப் என்ற கட்டற்ற மென்பொருளில் படம் திருத்த முடியும், அதில் சந்தேகமில்லை. 3.0 பதிப்பு 2025-இல் வந்த பிறகு ஃபில்டரைப் போட்ட பிறகும் மாற்றலாம், ரொம்ப நாள் குறை அது. ஆனால் அச்சுக்குப் போகும் நான்கு வண்ணப் பிரிப்பு, சி.எம்.ஒய்.கே., அதில் இன்னும் ஓரத்தில் நிற்கிற விருந்தாளிதான். கிரிட்டா என்ற இன்னொரு கட்டற்ற மென்பொருள் அதில் தேவலாம். அதைவிடப் பெரிய சிக்கல் வாடிக்கையாளர். அடுக்குகளோடு மூலக்கோப்பு அனுப்புவார், அதே வடிவத்தில் திருப்பிக் கேட்பார். பெரும்பாலான அடுக்குகள் ஒழுங்காகத் திறக்கும், ஒன்றில் எழுத்து படமாகிவிடும், நிழல் மறைந்துவிடும். அந்த ஒன்றைத்தான் அவர் கேட்பார். சந்தா கட்டுவது கசக்கிறது, கட்டாத மாதம் என் கோப்பே எனக்குத் திறக்காது என்பது அதைவிடக் கசக்கிறது. இருந்தும் கட்டுகிறேன். இதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஒலித்தட்டு:

வெட்கம் எதற்கு? முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரும் ஒரு காலத்தில் பூட்டியதுதான். நிறுவனம் நொடித்த பிறகு 2002-இல் பயனர்கள் ஏழு வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டி அதை மீட்டார்கள். இன்றைக்கு முப்பரிமாணத்தில் அதைத் தொடாத ஆள் குறைவு. அச்சுத் துறைக்கு அப்படி ஒரு கூட்டம் இன்னும் சேரவில்லை, அவ்வளவுதான்.

பத்தி:

வண்ணத்தகடு சார், பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ் பார்த்தீர்களா? அதில் சி.எம்.ஒய்.கே. முழுதாக உண்டு, அச்சகங்கள் கேட்கும் பி.டி.எஃப்.-எக்ஸ் வடிவத்திலும் எடுக்கலாம். மூலக்கோப்பு கேட்கிற வாடிக்கையாளருக்கு உதவாது. முடிந்த வேலையை நேராக அச்சகத்துக்கு அனுப்புகிற சந்தர்ப்பத்தில் ஓடும்.

வண்ணத்தகடு:

பழைய பதிப்பு ஒன்றைப் பார்த்து ஓடிவந்தேன், தமிழ் எழுத்தில் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாக நின்றது.

பத்தி:

அது 1.4 காலம். 1.6-இல் அந்தக் குறையைச் சரிசெய்துவிட்டார்கள், கொம்பும் துணைக்காலும் இருக்க வேண்டிய இடத்தில்தான் நிற்கின்றன. யூனிகோட் எழுத்துரு வேண்டும், அவ்வளவே.

வண்ணத்தகடு:

அப்படியா? நாலு பக்கத் துண்டறிக்கை ஒன்று கையில் இருக்கிறது, மூலக்கோப்பு கேட்காத வாடிக்கையாளர். அதில் போட்டுப் பார்க்கிறேன். அச்சகத்துக்காரர் திருப்பி அனுப்பினால் உங்களைத்தான் வந்து பிடிப்பேன்.