எஞ்சு என்ட்ரோபி: 'மீதி'யும் 'எச்ச'மும் ஏன் வேண்டாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

என்ட்ரோபி என்பது ஒரு பொருளின் மூலக்கூறுகள் எத்தனை வழிகளில் அமையலாம் என்பதன் அளவு. தனிச்சுழி வெப்பநிலையை (0 கெல்வின்) நெருங்கியும் சில பொருள்களில் தீராமல் நிற்கும் என்ட்ரோபியை ஆங்கிலத்தில் residual entropy என்பார்கள்; அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் பேச்சில் இதுவரை 'மீதி', 'எச்ச', 'உறைந்த' என்று மூன்று முன்னொட்டுகள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு. சொல்லை முடிவு செய்வதற்கு முன் பனிக்கட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை ஒருமுறை பார்த்துவிடலாம், ஏனென்றால் சொல்லைத் தேர்ந்தெடுக்க அதுவே நமக்கு வழி காட்டும்.

1936இல் ஜியாக், ஸ்டவுட் என்ற இரு வேதியியலாளர்கள் பனிக்கட்டியைத் தனிச்சுழிக்கு அருகிலிருந்து மெல்லச் சூடேற்றி, ஒவ்வொரு படியிலும் அது ஏற்ற வெப்பத்தை அந்தந்த வெப்பநிலையால் வகுத்துக் கூட்டிக்கொண்டே போனார்கள். நீராவி வரை வந்தபோது 298 கெல்வினுக்கான மொத்தம் மோலுக்கு 44.28 கலோரி/கெல்வின். நீராவியின் நிறமாலையிலிருந்து கணக்கிட்டதோ 45.10. இடையில் 0.82 குறைகிறது, நம் அலகில் சுமார் 3.4 ஜூல். அதாவது அந்த 3.4 சூடேற்றத் தொடங்கும் முன்பே பனிக்கட்டிக்குள் இருந்திருக்கிறது, வெப்பத்தை அளக்கும் கலோரிமானிக்கு அது தெரியவே இல்லை.

இது ஏன் என்பதை அதற்கு முந்தைய ஆண்டே வேதியியலாளர் பாலிங் சொல்லிவிட்டார், அந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. பனிக்கட்டியில் ஒவ்வொரு ஆக்சிஜனையும் சுற்றி நான்கு ஆக்சிஜன்கள், அடுத்தடுத்த ஆக்சிஜன்களுக்கு நடுவே ஒரு ஹைட்ரஜன், அது இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒட்டி நிற்கும். ஒரு ஆக்சிஜனைச் சுற்றி 16 அமைப்புகள் சாத்தியம், ஆனால் இரண்டு ஹைட்ரஜன் அருகில், இரண்டு தள்ளி என்ற விதிக்கு உட்பட்டவை 6 மட்டுமே. மூலக்கூறு ஒன்றுக்கு இரண்டு ஹைட்ரஜன், ஆகவே 4 × 6/16 = 3/2 வழிகள். 3/2இன் இயல் மடக்கையை வாயு மாறிலியால் பெருக்கினால் 3.37 ஜூல். வெறும் தாளில் போட்ட கணக்கு அளவீட்டோடு இவ்வளவு நெருங்கி வருகிறது!

சரி, இப்போது சொற்கள். 'மீதி' ஆய்வகக் கணக்கில் விழுந்த வித்தியாசத்தைச் சொல்கிறது, பொருளுக்குள் இருப்பதைச் சொல்லவில்லை. தவிர, வகுத்தலில் வரும் மீதி மாணவர் மனத்தில் ஆழப் பதிந்த சொல், இங்கே அது குழப்பும். 'எச்சம்' நல்ல பழஞ்சொல்தான், பெயரெச்சம் வினையெச்சம் என்று முற்றுப்பெறாததைக் குறிக்கும் அழகும் அதில் உண்டு. ஆனால் வகுப்பில் சொன்னால் பிள்ளைகளுக்கு முதலில் பறவை எச்சம்தான் நினைவுக்கு வரும், அதோடு ஆசிரியர் ஒவ்வொரு ஆண்டும் மல்லுக்கட்ட வேண்டும். 'உறைந்த' என்றால் நீர் உறைவதையே நினைப்பார்கள், பனிக்கட்டியைப் பற்றிப் பேசும்போது இதைவிடப் பெரிய குழப்பம் வேண்டியதில்லை.

நான் முன்வைப்பது 'எஞ்சு'. ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை. எஞ்சிய, எஞ்சுகின்ற, எஞ்சும் மூன்றுக்கும் இடம் தருகிறது, அந்த நெகிழ்வு இங்கே உண்மையிலேயே தேவை. 'எஞ்சிய' என்றால் முடிந்துபோன கதை போல ஒலிக்கும். ஆனால் 1982இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பனிக்கட்டியில் துளியளவு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்தபோது, 72 கெல்வினில் ஹைட்ரஜன்கள் ஒழுங்குக்கு வந்து அந்த என்ட்ரோபியில் பெரும்பகுதி வெளியேறிவிட்டது. எஞ்சுவதும் எஞ்சாததும் மூலக்கூறுகளுக்கு அசைய வழி கிடைப்பதைப் பொறுத்தது. கார்பன் மோனாக்சைடிலும் இதே நிலைமைதான்: தலைகீழாக நின்றாலும் ஆற்றலில் பெரிய வேறுபாடு இல்லாததால், குளிரும்போது திரும்ப முடியாமல் அப்படியே நின்றுவிடுகிறது. இரண்டு திசையும் சரிசமமானால் 5.76 ஜூல் வரவேண்டும், அளந்ததில் அதைவிடக் கொஞ்சம் குறைவு.

அப்புறம் பின்பாதி. என்ட்ரோபிக்குத் தமிழில் சொல்லப்படும் 'சிதறம்' எனக்கும் பிடித்த சொல், ஆனால் இந்த இடத்தில் இடிக்கிறது. பனிக்கட்டியில் எதுவும் சிதறிக் கிடக்கவில்லை, ஆக்சிஜன்கள் படிகத்தில் வரிசை பிசகாமல் நிற்கின்றன. அங்கே எண்ணப்படுவது வழிகளின் எண்ணிக்கை. எனவே தமிழ்நாட்டுப் பாடநூல்களின் 'என்ட்ரோபி', இலங்கையின் 'எந்திரப்பி' இரண்டும் அப்படியே இருக்கட்டும், முன்னால் 'எஞ்சு' மட்டும் பொதுவாக வரட்டும். புணர்த்தி 'எஞ்சென்ட்ரோபி' என்று எழுத வேண்டாம், பிரித்தே எழுதுவோம்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "பனிக்கட்டியின் எஞ்சு என்ட்ரோபி மோலுக்கு 3.4 ஜூல்/கெல்வின்." "டிஸ்ப்ரோசியம் டைட்டனேட் என்ற காந்தப் படிகத்தின் எஞ்சு என்ட்ரோபியும் பாலிங்கின் கணக்கை ஒட்டியே வருகிறது." என் வாய்க்குத் தடையில்லாமல் வருகிறது. வகுப்பில் இதைச் சொல்லித்தருகிறவர்கள் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.