அனுமதி இல்லாத பாதைக்கு ஸ்பானிஷில் எந்தச் சொல்?

ஸ்பானிஷ் நன்றாகத் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்களேன். மலையேறுபவர்களுக்கான வழிக்குறிப்பு ஒன்றை ஸ்பானிஷில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆட்கள் நடந்து நடந்தே உண்டான ஒரு குறுக்குப்பாதை அதில் வருகிறது. நிர்வாகம் அதற்கு அனுமதி தரவில்லை; தடைப்பலகையும் வைக்கவில்லை.

'ப்ரோஇபிதோ' என்றால் வெளிப்படையான தடை, அது பொய்யாகிவிடும். 'கிளாந்தெஸ்தினோ'வில் ஒளிவுமறைவு வாடை அடிக்கிறது. பட்டப்பகலில் எல்லோரும் நடக்கிற பாதைக்கு அது அநியாயம். 'எக்ஸ்த்ராஒஃபிசியால்' (அதிகாரபூர்வமற்றது) பெரும்பாலும் செய்தி, தகவல்களுக்குத்தான் வரும்.

'செந்தேரோ நோ அவுதோரிசாதோ' (அனுமதிக்கப்படாத பாதை) பொருந்துவதாகப் படுகிறது. 'நோ அபிலிதாதோ' (பயன்பாட்டுக்குத் தயார்செய்யப்படாதது) என்று போட்டால், இன்னும் திறந்துவிடாத பாதை என்று நினைத்துவிடுவார்களோ? படிப்பவர் எச்சரிக்கையாக வேண்டும், மிரண்டுவிடக் கூடாது. ஸ்பெயின், மெக்சிகோ இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா? அங்கே பேசிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.