எம்ஜிபி ரோட்ஸ்டர்: சில் பேனலை வெட்டும் முன் பாடியை எங்கே தாங்குவது?

வணக்கம். வண்டி 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரையில்லாத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), குரோம் பம்பர் மாடல். வலது கதவு சாத்த வரவில்லை. பின் ஓரத்தில் மேலே உரசுகிறது, கீழே விரல் நுழைகிறது. போன வருடம் வாங்கும்போதே லேசாக இருந்தது, இப்போது மோசம். கதவுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டித் தகடான சில்லின் நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் இடைவெளி சீராகிறது, இறக்கினால் பழையபடி.

கீல் பின் தேயவில்லை. கீலில் ஷிம் (மெல்லிய இடைத்தகடு) வைத்தேன், கதவுப் பூட்டு மாட்டும் ஸ்ட்ரைக்கரை நகர்த்தினேன், வேறு கதவும் மாட்டிப் பார்த்தேன். பலனில்லை. வடிகால் துளை வழியே கேமரா விட்டதும் விஷயம் புரிந்தது: துருப்பிடித்த பழைய தகட்டின் மேலேயே யாரோ புது வெளி சில்லை வெல்டு அடித்து, பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். பெயிண்ட் என்னவோ பளபளப்புதான்! உள்ளே நடுத் தகடு பாதி இல்லை. கூரையில்லாத, தனிச் சட்டமும் இல்லாத மோனோகாக் பாடிக்கு சில்தானே முதுகெலும்பு.

வெளி சில், நடுத் தகடு, சில்லின் அடியில் ஓடும் கேசில் ரெயில் மூன்றையும் மாற்றப்போகிறேன். கதவு வாசலில் குறுக்குக் கம்பி பற்றவைத்த பிறகே வெட்டுவேன்.

இதைச் செய்தவர்கள் சொல்லுங்கள்: வெட்டும்போது வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கட்டுமா, இல்லை முன் கிராஸ்மெம்பரிலும் (முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) பின் ஸ்பிரிங் மவுண்ட்டிலும் ஸ்டாண்டு கொடுக்கட்டுமா?